ஆறாம் லைன், மூன்றாம் மாடி

மில் தொழிலாளர் குடியிருப்பான ஆறாம் லைனை இடித்து, இடிபாட்டை ஆறு நாள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய், மிச்ச மண்ணையும் ரோலர் விட்டு உள்ளங்கை மாதிரி சமன்படுத்தி முடித்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டெய்லர் தெய்வானை வழக்கம்போல மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய்க் கொக்கி தைக்க உட்கார்ந்தாள்.

அற்புதம் செய்யும் உத்தேசமெல்லாம் அவளுக்கு இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் கொடுத்தாக வேண்டிய கல்யாண ஜாக்கெட் ஒன்று கையில் இருந்தது, ரோட்டோரத் தார்ப்பாய்க்கு அடியில் ஊசி கோக்க வெளிச்சம் போதவில்லை, புருஷன் வேறு காலையிலேயே ஏதோ சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தான். அந்தக் கடுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, கம்பி வேலியின் சந்துக்குள் நுழைந்து, கீழ்வீட்டு ஆரோக்கியசாமியின் வாசலில் இடதுபக்கம் திரும்பி, படி ஏறி, ஏறி, ஓரிடத்தில் குனிந்து, மறுபடி ஏறி, தன் வீட்டுக்குள் போய்ச் சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கட்டடம் இல்லை என்பது அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. கல்யாணப் பெண்ணின் சித்தி கீழே வந்து நின்று, "அக்கா, ஜாக்கெட் ஆயிருச்சுங்களா?" என்று கூப்பிட்டபோதுதான், சன்னல் இருந்த இடத்தில் எட்டிப் பார்த்தாள். சித்தி அண்ணாந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் முப்பதடி காற்று இருந்தது.

"அஞ்சு மணிக்கு வாங்கோ," என்றாள் தெய்வானை. வேறு என்ன சொல்வது?

மூன்றே நாளில் நாற்பத்தெட்டுக் குடும்பத்தில் நாற்பத்தோரு குடும்பம் ஏறிவிட்டது. சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தவர்கள் செய்தி கேட்டு, பெட்டி படுக்கையோடு பஸ் பிடித்து வந்து, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் மேலே பார்க்காமல் ஏறினார்கள். மேலே பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெய்வானையின் புருஷன் தையல் மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு, காலையில் சொன்னதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டபடியே கொண்டுபோய் வைத்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, "இந்தப் படி எப்பவும் இப்புடித்தான், முட்டிய வாங்கீரும்," என்றான்.

இதையெல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் சுடர்க்கொடி. ரோட்டைக் கடக்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஏனென்றால் அந்தக் கட்டடத்தை இடித்தது அவள்தான், ஒரே ஒரு வாக்கியத்தால்.

சுடர்க்கொடி கட்டட வடிவமைப்பாளர், கூடவே ஓவியர். கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு பஞ்சாலை, தன் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி ஆவணம் ஒன்று தயாரிக்கச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டது. மற்றவர்கள் சுவரை அளந்துகொண்டு போவார்கள்; அவள் மனிதர்களை அளந்தாள். எட்டு மாதம் ஆறாம் லைனுக்குத் தினம் வந்தாள். பத்துக்குப் பதினைந்து அறைக்குள் ஆறு பேர் எப்படிப் படுக்கிறார்கள், யார் காலுக்கு நேரே யார் தலை, சண்டை போட்டால் எந்த மூலையில் போய் உட்காருவார்கள், அழ வேண்டுமென்றால் எங்கே, சிரிக்க எங்கே என்று பார்த்து, தூங்குகிறவர்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, நடக்கிற தடத்தைச் சிவப்பு நூலால் தாளில் தைத்தாள். லைன் சனங்களுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. "நான் உடம்ப அளக்கறன், இந்த அம்மணி உடம்பு கெடக்கற எடத்த அளக்குது, ரெண்டும் ஒரே தொழில்தானுங்," என்று தெய்வானை சொன்ன பிறகு எல்லாரும் விட்டுவிட்டார்கள். டீ கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்.

அவள் கண்காட்சி வைத்தாள், பேர் வாங்கினாள். கண்காட்சிப் புத்தகத்தில், மனம் கசிந்து, "இது மனிதர் வாழ்வதற்கான இடம் அல்ல, இடமின்மையே இங்கே இடமாகியிருக்கிறது" என்று எழுதினாள். இந்த மாதிரி வாக்கியங்களை எழுதும்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு சுகம் இருக்கும். கம்பெனி வக்கீல் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கோர்ட்டில் படித்தார். படம் வேறு சாட்சியாக இருந்தது. வல்லுநரே சொல்லிவிட்டார், மனிதர் வாழத் தகுதியற்றது. உத்தரவு வந்துவிட்டது. பொக்லைன் வந்த அன்று அவள் ஓடிவந்து ரோட்டில் நின்றபோது, தையல் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற தெய்வானை அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு சுடர்க்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க நிறையத்தான் இருந்தது.

முதல் இரண்டு நாள் லைன் பெண்களுக்குச் சுவர் இல்லாத கூச்சம் இருந்தது. சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள்; கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஒன்றுமில்லாததில் கட்டி, மறுமுனையை இன்னொரு ஒன்றுமில்லாததில் கட்ட, கயிறு விறைப்பாக நின்றது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. பத்துக்குப் பதினைந்து அறைகளில் அடுத்தடுத்து முப்பது வருடம் வாழ்ந்தவர்களுக்கு, எதைப் பார்க்கக்கூடாது என்று கண்ணுக்கே தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்கள் கதவு இருந்த இடத்தில் நின்று விரலை மடக்கித் தட்டினார்கள், உள்ளே இருப்பவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தும், "ஆருங்க?" என்று கேட்கும்வரை காத்திருந்தார்கள். வைகாசி மழை வந்தது. எங்கெல்லாம் முன்பு ஒழுகியதோ அங்கெல்லாம் ஒழுகியது, மற்ற இடம் காய்ந்தே கிடந்தது. மூன்றாவது மாடிக் குழாயில் முன்பும் தண்ணீர் வராது, இப்போதும் வரவில்லை. கடைசியில் இருந்த பொதுக் கக்கூஸுக்கு முன்னால் காலை ஐந்தரைக்கே வரிசை நின்றது. அந்த வரிசையில் பழைய சண்டை எதை எங்கே விட்டார்களோ, அதே வார்த்தையில் தொடங்கியது. நல்லது மட்டும் திரும்பி வந்திருந்தால் அதைக் கனவு என்று தள்ளிவிடலாம். மூட்டைப்பூச்சியும் வந்துவிட்டது, என்ன செய்ய?

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒன்பது வருடமாக அந்த லைனுக்கு வருகிறவர் என்பதால், சிலிண்டரைத் தோளில் ஏற்றி, எப்போதும்போல முனகிக்கொண்டே மூன்றாவது மாடிவரை போய் வந்தார். தபால்காரர் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவர் கால் முதல் படியையே கண்டுபிடிக்கவில்லை, அதனால் கீழே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்தால் மளமளவென்று ஏறிவிட, கூட வந்த மாப்பிள்ளைமார் கையில் பழப்பையோடு தரையில் நின்றார்கள். மாப்பிள்ளை முறுக்கை அவ்வளவு சுலபமாக அடக்க வேறு வழி எந்த மாமியாருக்கும் கிடைத்ததில்லை என்பதால், அந்த மாதம் லைனில் விருந்துக்கு அழைப்பு அதிகமாக இருந்தது.

கம்பெனி சும்மா இருக்குமா? போலீஸ் வந்தது. ஏணி வைத்தார்கள், ஏணிக்குச் சாய ஒன்றும் இல்லாததால் சும்மா விழுந்தது. வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் அந்த லைனில் பிறந்து வளர்ந்தவர். அவர் மட்டும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப்போய், பெரியம்மா வீட்டில் காபி குடித்துவிட்டு இறங்கி வந்து, "ஆட்கள் தென்பட்டனர், கட்டடம் தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். மேல்மாடிக்காரர்களைத்தான் தொட முடியவில்லை, கீழ்வீட்டுக்காரர்களையாவது அள்ளலாம் என்று ஆரோக்கியசாமியைக் கட்டிலோடு தூக்கி ரோட்டில் வைத்தார்கள். மில்லில் முப்பத்தோரு வருடம் ஸ்பின்னிங்கில் நின்ற மனிதர் அவர். கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய், முதலில் இருந்த அதே இடத்தில், கால் நான்கும் அதே நான்கு புள்ளியில் படும்படி போட்டுப் படுத்தார். இரண்டாம் முறையும் தூக்கினார்கள். மூன்றாம் முறை வந்தவர்களிடம், "அந்தப் பக்கமாப் புடிங் சாமி, அந்தக் காலு ஆடும்," என்று அவரே பக்குவம் சொல்ல, அவர்கள் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் மனையை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்றார் கம்பெனி வக்கீல். மனையிலா இருக்கிறார்கள் என்று கேட்டது கோர்ட். இல்லை, முப்பதடி மேலே. எதன் மேல்? எங்கள் மூன்றாவது மாடியின் மேல். அதைத்தான் இடித்துவிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே? வக்கீல் தண்ணீர் குடித்தார். கடைசியில், இடிக்க வேண்டிய கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது என்றால் அதன் வரைபடத்தை அளவோடு, முத்திரையோடு கொண்டுவாருங்கள், நேரில் பார்க்க ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்புகிறோம், பிறகு உத்தரவு போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வரைபடம் இருந்தால்தான் அது கட்டடம். கட்டடம் என்றால்தான் அதை இடிக்க முடியும்.

அன்று மத்தியானமே மில் மேனேஜர் கிரிதரன் சுடர்க்கொடியைக் கூப்பிட்டனுப்பினார்.

கிரிதரன் அறையில், அவர் நாற்காலிக்கு நேர் மேலே, அவளுடைய ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. ஆறாம் லைனின் மாடிப்படியில் வரிசையாக ஏறும் மனிதர்கள், ஆண், பெண், கைக்குழந்தை முதற்கொண்டு எல்லாரும் ஒரே இடத்தில் தலையைத் தாழ்த்திக் குனிந்திருக்கும் படம். "பணிவு" என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். தலைமுறை தலைமுறையாக நிர்வாகத்துக்குப் பணிந்து பணிந்து, சொந்த வீட்டுப் படியில் ஏறும்போதுகூட இந்த உடல்கள் குனிகின்றன என்று புத்தகத்தில் ஒரு பக்கம் விளக்கமும் எழுதியிருந்தாள்.

"எனக்கு ரொம்பப் புடிச்ச படம்," என்றார் கிரிதரன். "நீங்க பாத்து வரைஞ்சது. உங்களவிட அந்தக் கட்டடத்த யாருக்கு மேடம் தெரியும்? ஒருதடவ ஏறிப் போய் அளந்து, சீல் வெச்சுக் குடுத்துருங்க போதும். வரப்போற அபார்ட்மெண்ட் டிசைன் முழுக்க உங்களுக்குத்தான். லாபியில ஆறாம் லைன் ஞாபகமா ஒரு சுவர் வெக்கலாம். உங்க படத்தையெல்லாம் மாட்டலாம்."

சுடர்க்கொடி சரி என்றாள். வரைவதற்காக அல்ல, ரோட்டைக் கடப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஆனால் டேப்பையும் நோட்டையும் பையில் போட்டபோது, அந்த லாபிச் சுவரும் மனதின் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாள் காலை வேலிக்குள் நுழைந்து, ஆரோக்கியசாமியின் கட்டிலைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பினாள். படியின் உயரம் ஏழு அங்குலம், அகலம் ஒன்பதரை என்று அவளுக்கு மனப்பாடம். ஏழு அங்குலத்தில் காலைத் தூக்கி வைத்தாள். கால் தரையில் விழுந்தது. இன்னொரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பதரை என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். மறுபடியும் மண். மேலே நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. தெய்வானையின் தலை அதில் இல்லை. மிஷின் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"எண்ணாதீங் அம்மணி," என்றார் ஆரோக்கியசாமி கட்டிலிலிருந்து. "எண்ணுனா வராது."

"அப்புறம் எப்படிண்ணா ஏறுறது?"

அவர் யோசித்தார். பிறகு எழுந்துபோய், அடுப்பில் இருந்த டீயை ஒரு டம்ளரில் விளிம்புவரை ஊற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். "இதத் தெய்வானகிட்டக் குடுத்துருங். சிந்தீரக் கூடாது, அது வாயப் பத்தித் தெரியுமல்ல."

டம்ளர் சுட்டது. டீ விளிம்பில் தளும்பியது. அதைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டுமே என்று அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சுடர்க்கொடி நடந்தாள்; எட்டு மாதம் எத்தனையோ டம்ளர்களோடு ஏறி இறங்கிய கால்கள் தம்பாட்டுக்கு ஏறின. முதல் மாடியில் யாரோ "பாத்து" என்றார்கள். இரண்டாவது மாடியில் காயப்போட்ட வடகத்தைத் தாண்டினாள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர்கூட வந்தது, தெய்வானையின் வாசல் தெரிந்தது, இன்னும் எட்டுப் படி.

ணங்கென்று நெற்றியில் இடித்தது. டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது. தடுமாறிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் காற்றும் வெயிலும். கையை நீட்டித் தடவினாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நெற்றி மட்டும் புடைத்துக்கொண்டு வந்தது.

மிஷின் சத்தம் நின்றது. மேல்படியில் தெய்வானை வந்து நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். அவ்வளவு நாள் கழித்து அவள் சிரித்தது அதுதான் முதல்.

"வலிக்குதுங்களா?"

"என்னக்கா இது?"

"கொழாய்."

"இங்க ஏது குழாய்? நான் அளந்தப்ப ஒண்ணும் இல்லையே."

"நீங்க அளந்தப்ப எப்புடி இருக்கும்? மேல்தொட்டித் தண்ணி வழிஞ்சு போறதுக்குன்னு படிக்கட்டுக்குக் குறுக்கால ஒன்னர இஞ்சுக் கொழாய் போட்டிருந்தானுங். நாலே முக்கா அடி ஒசரத்துல. இடிச்சுக்காத மண்ட இந்த லைன்ல கெடையாது. எடுத்துப் போடுங்னு இருவது வருசம் கத்துனோம். ஆபீஸ்காரங்களே ஒருநாள் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, அதாச்சு பதனோரு வருசம். ஆனாக் கழுத்துக்குச் சொன்னாக் கேக்குதா? நான் குனிவன். என்ற இடுப்புல இருந்த புள்ளையும் கூடக் குனியும். கொழாயவே பாக்காத புள்ளைகளெல்லாம் குனியுது." அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "எட்டு மாசம் எங்ககூட ஏறி எறங்குனீங்களே சுடரு. ஏன் குனியறீங்கன்னு ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பார்த்தாள், வரைந்தாள், பேர் வைத்தாள். நாற்பத்தெட்டுக் குடும்பம் ஒரு குழாய்க்குக் குனிந்ததை ஒரு முதலாளிக்குக் குனிந்ததாக எழுதி, அந்த முதலாளியின் மேனேஜர் தலைக்கு மேலேயே மாட்டக் கொடுத்திருந்தாள். நெற்றி வலியைவிட அது அதிகமாக வலித்தது.

"மன்னிச்சிருங்கக்கா," என்றாள். "அந்த வாக்கியத்தையும் நான் எழுதியிருக்கக் கூடாது."

"'மனுசன் வாழற எடமில்ல'ன்னு எழுதுனீங்கல்ல, அது பொய்யில்லீங். நானே தெனம் நூறு தடவ சொல்லியிருக்கறன். கக்கூஸ் வரிசையில நிக்கறப்பச் சொல்லுவன், மழ ஒழுகறப்பச் சொல்லுவன். நான் சொன்னா அது என்ற ஊட்டத் திட்டறது. நீங்க சொன்னா அது உத்தரவாயிருது."

"இப்ப நான் என்னக்கா பண்ணட்டும்? வரைஞ்சு தரச் சொல்றாங்க."

"அதையும் நானே சொல்லோணுமா?" என்று கேட்டுவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு தெய்வானை உள்ளே போய்விட்டாள். மிஷின் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஒன்பது நாள் சுடர்க்கொடி அறையை விட்டு வெளியே வரவில்லை. பெரிய தாள், நல்ல தாள், ஆறடிக்கு நாலடி. வரைந்தாள், கிழித்தாள். லாபிச் சுவர் இரண்டாம் நாளே மனதிலிருந்து விழுந்துவிட்டது. மற்றதுதான் சிரமமாக இருந்தது. முன்பெல்லாம் கோடு போடுவதற்குத் துணிச்சல் தேவைப்பட்டது. இப்போது போடாமல் விடுவதற்கு அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. நெற்றி வீக்கம் வடிந்து, மஞ்சளாகி, மறைகிற சமயத்தில் வேலை முடிந்தது.

வக்கீல் கமிஷனர் வந்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவயது அம்மாள் ஒருவர், ஒரு கையில் குடை, ஒரு கையில் பைல். கிரிதரன் பளபளக்கும் ஷூவோடு காரிலிருந்து இறங்கினார். மேலே மூன்று மாடியிலும் வேலை வெட்டியை விட்டுவிட்டு எல்லாரும் விளிம்பில் வந்து நின்றார்கள். கமிஷனர் அம்மாள் அண்ணாந்து பார்த்து, பைலில் ஏதோ குறித்துக்கொண்டு, "வரைபடம்?" என்றார்.

சுடர்க்கொடி காரின் முன்பக்கத்தில் தாளை விரித்தாள். வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்பு இருந்தது. அளவுக் குறிப்பு இருந்தது. சர்வே எண், தேதி, அவள் பேர், பதிவு எண், கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் இருந்தன. தாளின் மற்ற பகுதி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில், சரியான இடத்தில், சரியான உயரம் குறிக்கப்பட்டு, ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று மட்டும் புள்ளிக்கோட்டில் வரையப்பட்டிருந்தது.

"என்ன மேடம் இது?" என்றார் கிரிதரன்.

"நீங்க கேட்ட வரைபடம் சார். ஏறிப் போய்ப் பாத்துட்டுத்தான் வரைஞ்சேன். சுவர் இல்ல, அதனால சுவர் போடல. தூண் இல்ல, அதனால தூண் போடல. என் நெத்தியில இடிச்சது இது ஒண்ணுதான். வேணும்னா இத இடிச்சுக்குங்க."

கமிஷனர் அம்மாள் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஏன் புள்ளிக்கோடு?"

"எடுத்துட்ட பொருளப் புள்ளிக்கோட்டுலதான் காட்டுவோம்மா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கம்பெனியே வந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அப்படின்னா, இந்த வரைபடத்தின்படி இனிமே இடிக்க ஒண்ணும் பாக்கி இல்ல."

"இல்லம்மா."

அம்மாள் அதை அப்படியே எழுதினார். எழுதி, கிரிதரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்து, மேலே யாரோ வைத்த கும்பிடுக்குத் தலையசைத்துவிட்டு, தன் காரில் ஏறிப் போனார்.

கிரிதரனின் முகம் சிவந்துவிட்டது. அவர் விவரமான ஆள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு காகிதமும் தயாராகப் பையில் வைத்திருந்தார்: ஒப்பந்தத்தை மீறியதற்கும், அவளுடைய பதிவை ரத்து செய்யக் கோருவதற்கும் சுடர்க்கொடி மேல் ஒரு நோட்டீஸ். அதை உருவி நீட்டும்போது அவள் அங்கே இல்லை. ஆரோக்கியசாமியின் கட்டிலருகே இடதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க தொழிலே போயிடும், தெரியுதா? இனிமே ஒரு கோடு போட முடியாது உங்களால!"

அவள் நின்றாள். அது நடக்கக்கூடியதுதான் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு வருடத் தொழில். திரும்பி அவரைப் பார்த்து, எல்லா மாடிக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"உங்க ரூம்ல மாட்டியிருக்கற படம் தப்பு சார். நான் தப்பா வரைஞ்சுட்டேன். அவங்க உங்களுக்குக் குனியல. ஒரு நாளும் குனிஞ்சதில்ல. அது குழாய்க்கு."

பிறகு ஏறினாள். கையில் டம்ளர் இல்லை, காலில் எண்ணிக்கை இல்லை, மனதில் இருந்ததெல்லாம் கோபம் மட்டும்தான். கோபத்துக்குப் படி நன்றாகத் தெரிந்திருந்தது. முதல் மாடி, இரண்டாவது மாடி, வடகம், அப்புறம் அந்த இடம் வந்தபோது யாரும் சொல்லாமலே கழுத்து தாழ்ந்து, கடந்து, நிமிர்ந்தது. மேலே சிரிப்பும் விசிலுமாக ஒரே கூச்சல். வழக்கமாக அவள் நோட்டோடு உட்காரும் வாசல்படி ஓரத்தில் உட்காரப் போனாள். "அங்க வேண்டாங், அது விருந்தாடி உக்கார்ற எடம்," என்று தெய்வானை மிஷினைக் கொஞ்சம் நகர்த்தி, சன்னலோரம் இடம் விட்டாள்.

"நோட்டீஸ வாங்கிக்கங்க!" என்று கீழே கிரிதரன் கத்தினார்.

"மேல வந்து குடுத்துட்டுப் போங் சார்," என்றாள் தெய்வானை, மிகுந்த மரியாதையோடு. "டீ வெக்கறனுங்."

கிரிதரன் படி இருந்த இடத்தில் காலைத் தூக்கினார். பதினேழு வருடம் அந்த மில்லுக்கு மேனேஜராக இருந்தவர், ஆறாம் லைனில் ஒரு நாளும் படி ஏறியதில்லை. கால் மண்ணில் விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினார், மறுபடியும் விழுந்தது. கையில் கொடுக்க முடியாவிட்டால் நோட்டீஸைச் சுவரில் ஒட்டலாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் ஒரு சுவரைத் தேடி, பசை டப்பாவோடு பின்னால் வந்த ஆபீஸ் ஆளையும் இழுத்துக்கொண்டு, அந்தக் கொளுத்தும் பொட்டல் முழுக்கச் சுற்றினார். மூன்று மாடியும் பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் என்று ஒன்றை அவர் விட்டுவைத்திருக்கவில்லை.

மூன்றாவது சுற்றில், வேர்த்து விறுவிறுத்து, ஆரோக்கியசாமியின் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே அவர் புகுந்து நடந்தபோது, கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. யார் வந்தாலும் சொல்கிறதைத்தான் சொன்னார்.

"ஊட்டுக்குள்ள கால்ல செருப்பத் தொட்டுட்டு வர்றீங்களே சார்?"

கிரிதரன் நின்றார். சுற்றிலும் பார்த்தார். வெறும் மண், ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மேலே வெயில். பிறகு மெல்லக் குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்.